கடல் மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

பம்மல்வாசிகளுக்கு வளர்ப்பு மீன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பிளாஸ்டிக் கவரில் இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு ஃபைட்டர் என்று ஆரம்பிக்கிற ஆசை, நாளடைவில் கொளத்தூர் மீன் கடைகள் வரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே நீலமும் மஞ்சளுமாக மின்னும் கடல் மீன்களைப் பார்த்துவிட்டால் போதும். "அப்பா, இதுல ஒண்ணு, அதுல ரெண்டு வாங்கலாம்ப்பா!" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, கடல் மீன்களை ஒரே தொட்டியில் விடுவதற்கு முன்பும் பொருத்தம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஒரு மீன் காணாமல் போயிருக்கும். இன்னொன்று வால் கிழிந்து மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

ஏன் இந்தச் சண்டை?

பவளப்பாறை மீன்களின் சண்டையைக் கூர்ந்து கவனித்தவர் ஆஸ்திரியாவின் கான்ராட் லாரன்ஸ். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். பளிச்சென்ற நிறமுள்ள மீன்கள் மற்ற இனத்தைவிடத் தன் இனத்தைத்தான் அதிகம் தாக்குகின்றன என்று 1963-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் எழுதினார். காரணம் எளிமையானது. ஒரே இனம் என்றால் ஒரே சாப்பாடு, ஒரே பொந்து. பங்காளிச் சண்டைதான்!

கடலில் தோற்ற மீன் தப்பி ஓடிவிடும். துரத்திய மீனும் தன் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும். நாலடித் தொட்டியில் எங்கே ஓடுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அது எதிராளியின் எல்லைதான். கடலில் இரண்டு நிமிடத்தில் முடியும் சண்டை, தொட்டியில் ஒரு மீன் சாகும்வரை நீள்வது இதனால்தான்.

உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டாம்சல் மீன் விரல் நீளம்தான் இருக்கும். விலையும் குறைவு என்பதால் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால், முதலில் வந்த டாம்சல் தொட்டி முழுவதையும் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்ளும். பிறகு வருகிற எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது.

கோமாளி மீன்களை ஜோடியாக வளர்க்கலாம். இரண்டில் பெரியது பெண், சிறியது ஆண். ஜோடி சேர்ந்த பிறகு மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் அடி நிச்சயம்.

லயன் ஃபிஷ் சண்டைக்குப் போகாது. ஆனால், வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கிவிடும். நம் ஊர் களவா மீனும் அப்படித்தான். ஆகவே, 'சாதுவா, முரடா' என்று கேட்பதோடு, 'வாய் எவ்வளவு பெரிசு?' என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் டிரிகர் மீன், நிஜமான முரடன். சங்கையே உடைக்கும் பற்கள் அதற்கு. லயன் ஃபிஷ்ஷின் நீளமான துடுப்புகளைக் கடித்துக் குதறிவிடும். முரடனுக்கு முரடன் சரியாகப் போகும் என்று நினைத்து இரண்டையும் சேர்க்கக் கூடாது. கிளவுன் டிரிகர் அரை மீட்டர் வரை வளரும். அதைத் தனியாக வைப்பதே நல்லது.

யாரோடு யார்?

பெரிய தொட்டியாக இருந்தால் லயன் ஃபிஷ், ஸ்னோஃப்ளேக் வகை அஞ்சாலை, அவற்றின் வாய்க்கு அடங்காத அளவுள்ள ஒரு டேங் மீன் என்ற கூட்டணி பெரும்பாலும் ஒத்துப்போகும். இறால், நண்டு மட்டும் வேண்டாம். அஞ்சாலைக்கு அவை விருந்து! அது வெளியே நழுவுவதில் கில்லாடி என்பதால் தொட்டிக்கு இறுக்கமான மூடியும் தேவை. லயன் ஃபிஷ்ஷின் முட்களில் விஷம் உண்டு. குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடும்போது கவனிக்க வேண்டியவை:

* சாதுவான மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில்.

* புதிய மீனை விடும் முன் பாறைகளை இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனின் 'பட்டா' ரத்தாகிவிடும்.

* விளக்கை அணைத்துவிட்டு, பழைய மீன்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு விடுங்கள்.

* முதல் சில நாள்கள் புதிய மீனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தொட்டியிலேயே மிதக்கவிட்டால், கடி வாங்காமல் பழகும்.

* மீனின் எண்ணிக்கையைவிடப் பொந்துகளின் எண்ணிக்கை அதிகம் இருக்கட்டும்.

பம்மல் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள். போர் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடாது. ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். 400 லிட்டர் தொட்டி என்றால் கண்ணாடி, பாறையோடு சேர்த்து அரை டன்னைத் தாண்டும். மாடி வீடு என்றால் தளம் தாங்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

கடைகளில் இருக்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீனுக்கு நல்ல மாற்று உண்டு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கின்றன. 'இது பண்ணையில் பிறந்ததா?' என்று கேட்டு வாங்குங்கள். யாராவது கடல் குதிரையையோ, நம் கடலில் எடுத்த உயிருள்ள பவளத்தையோ நீட்டினால் தொடவே வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

எல்லாம் பார்த்தும் ஒத்துப்போகவில்லையா? கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பாவம் என்று கடலில் விட்டுவிடாதீர்கள். 1985-ல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் முதன்முதலாகத் தென்பட்ட லயன் ஃபிஷ், இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யாரோ வளர்த்து, சமாளிக்க முடியாமல் கடலில் விட்டதுதான் தொடக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே, மீனைப் பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மீனுக்கு அதைப் பிடிக்குமா என்று யோசித்து வாங்குங்கள்!