முதலிடம் என்பது யாது?

சென்ற ஞாயிறன்று சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு சிறு பூசல். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், கொரியப் பாடகர் குழு ஒன்றின் இசைத்தட்டை முன்பே வாங்கியிருக்கிறாள். அதே தட்டை மறுபடியும் வாங்கப் பணம் கேட்கிறாள். "ஒரே பாட்டைக் கேட்க இரண்டு தட்டு எதற்கம்மா?" என்றார் தந்தை. "கேட்பதற்கல்ல, அப்பா, முதல் வாரக் கணக்கில் எங்கள் குழு முதலிடத்துக்கு வரவேண்டும்" என்றாள் மகள். இருவரும் நம்மை நோக்கினர். அன்று நாம் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இக்கேள்வி இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் எழக்கூடியதே.

தென் கொரியாவில் இசைத்தட்டுகளின் செல்வாக்கை அளக்க ஒரு கோல் மட்டும் இல்லை. 2010-இல் காவோன் என்று தோன்றி, 2022-இல் சர்க்கிள் என்று பெயர் மாறிய பட்டியல், கடைகளுக்கு அனுப்பப்பெற்ற தட்டுகளிலிருந்து திரும்பி வந்தவற்றைக் கழித்துக் கணக்கிடுகிறது. ஹான்டியோ என்னும் பட்டியலோ, கடையில் விற்பனையானதை எண்ணுகிறது. ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்கு இது புதிதன்று. அனுப்பும் நிலையத்தில் ஏற்றிய சரக்கு ஒரு கணக்கு; சேரும் நிலையத்தில் ஒப்புவித்த சரக்கு மற்றொரு கணக்கு. இரண்டும் மெய்யே. எதை எண்ணினோம் என்று கூறாமல் எண்ணை மட்டும் கூறுவதே குழப்பத்துக்கு வித்து.

கோல் மாறினால் அளவும் மாறும். ஸை என்பவரின் 'கங்னம் ஸ்டைல்' 2012 ஜூலையில் வெளிவந்து, அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள், யூடியூபில் 100 கோடி முறை பார்க்கப்பெற்ற முதல் படமாயிற்று. ஆயினும் அமெரிக்க பில்போர்டு பாடல் பட்டியலில் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. யூடியூப் பார்வைகள் அப்பொழுது அக்கணக்கில் சேரவில்லை. 2013 பிப்ரவரியில்தான் சேர்க்கப்பெற்றன.

கோல் இன்னதென்று அறிந்தவுடன் அதனைத் தம் பக்கம் வளைக்க முயல்வது மனித இயல்பு. கொரிய இசைத்தட்டின் உறைக்குள் பாடகர் படம் ஒன்று இருக்கும். யாருடைய படம் என்பது பிரித்தால்தான் தெரியும். விரும்பிய படம் கிட்டும்வரை வாங்குவோர் உண்டு. பாடகரை நேரில் காணும் குலுக்கலுக்காகப் பல தட்டுகள் வாங்குவோரும் உண்டு. 2023-இல் செவன்டீன் குழுவின் ஒரு தட்டு முதல் வாரத்திலேயே 45 லட்சத்துக்கு மேல் விற்றது. அத்தனை பேர் அதனை வாங்கினர் என்று இதற்குப் பொருளன்று. இத்தகைய ஆர்வம் கணக்கைக் கெடுக்கும் என்று கருதியே, பில்போர்டார் 2022 முதல் இணையவழி வாங்கும் பாடலை ஒருவருக்கு வாரம் ஒன்று என்று மட்டுமே எண்ணுகின்றனர். விளம்பரப் பணத்தால் வந்த பார்வைகளை யூடியூப் தனது இசைப் பட்டியல்களிலிருந்து 2019-இல் விலக்கியது.

பின் எதைத்தான் நம்புவது? முதல் வாரத்தைப் பாராமல், ஆரவாரம் அடங்கிய பின் நிற்பதைப் பார்க்கவேண்டும். பி.டி.எஸ். குழுவின் 'ஸ்பிரிங் டே' 2017-இல் வெளிவந்தது. மெலன் என்னும் கொரிய இசைத்தளத்தின் பட்டியலில் பல ஆண்டுகள் நீங்காமல் இருந்தது. புதுத் தட்டின் பரபரப்பு ஓய்ந்த பின்னும் ஒரு பாட்டை மக்கள் நாடிக் கேட்கிறார்கள் எனின், அதுவன்றோ செல்வாக்கு!

இவ்வளவும் கேட்ட பெண் மெல்லச் சொன்னாள்: "எல்லாம் சரி, மாமா. வகுப்பில் தமிழ்ப்பெண் நான் ஒருத்திதான். இந்தக் குழுவின் பாட்டைப் பற்றிப் பேசும்பொழுதுதான் என்னை யாரும் வேற்றூராள் என்று நினைப்பதில்லை. எல்லாரும் இரண்டு வாங்கும்பொழுது நான் மட்டும் எப்படி வாங்காமல் இருப்பது?"

நாம் வாயடைத்துப் போனோம். எந்தப் பட்டியலும் எண்ணாத கணக்கு இது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர் நாம். தோழமைக்காக நம் பிள்ளைகள் தருகின்ற விலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டாவது தட்டு வேண்டாமம்மா. அந்தப் பணத்தில் அடுத்த ஞாயிறு உன் தோழிகளை இட்டலிக்கு அழைத்து வா. இருக்கின்ற தட்டை எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். நானும் கேட்கிறேன்" என்றார். மகளின் முகம் மலர்ந்தது.

பிள்ளைகளின் ரசனையைப் பழித்துப் பயனில்லை. அவர்கள் கேட்கும் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அளிப்பதும் தகாது. உடன் அமர்ந்து ஒரு பாட்டைக் கேட்டுப் பார்ப்போம். பட்டியலில் அதற்கு எந்த இடமாயினும், வீட்டில் நமக்கு ஓர் இடம் கிடைக்கும்.