பெப்பர் ஸ்பிரே புகாருக்குப் பதில் ஆகாது

என் அக்கா மகள் அடுக்கத்திலிருந்து பெரியகுளத்துக்குக் கல்லூரி போய் வருகிறாள். பேருந்தை விட்டால் ஜீப், ஜீப்பும் இல்லையென்றால் நடை. மூன்று மாதமாக இரண்டு பைக்கில் நான்கு பேர் அவள் பின்னால் வருகிறார்கள். முதலில் பாட்டுப் பாடினார்கள். பிறகு சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போன மாதம் காப்பித் தோட்டத்து வளைவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். அவர்களில் ஒருவனின் அப்பா தோட்டத்தில்தான் என் அக்கா காப்பிப் பழம் பறிக்கிறாள்.

அம்மாவும் மகளும் காவல் நிலையம் போனார்கள். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. எங்கள் பிள்ளை இன்னும் அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். “இது எங்க லிமிட்ல வராதும்மா” என்று ஆரம்பித்தார்களாம். கொஞ்ச நேரம் கழித்து, “பசங்க மேல கேஸ் போட்டா அவனுங்க வாழ்க்கை வீணாயிரும். ஆன்லைன்ல பெப்பர் ஸ்பிரே முந்நூறு ரூபாய்க்கு விக்கிது, வாங்கிப் பையில போட்டுக்கச் சொல்லு” என்று அனுப்பிவிட்டார்கள். புகாருக்கு ரசீதுகூடத் தரவில்லை.

அக்கா மூன்று நாள் கூலியில் கையைக் கடித்து அதை வாங்கிக் கொடுத்தாள். நான் போயிருந்தபோது பிள்ளை அந்தக் குப்பியை எடுத்து வந்து காட்டினாள். “சித்தி, இத எப்படி அடிக்கிறதுன்னே தெரியல. காத்து என் பக்கம் அடிச்சா என்ன பண்றது?”

அவள் கேட்டது சரியான கேள்வி. முதலில் அவளுக்குப் பதில் சொல்கிறேன். பிறகு அவளை அனுப்பிவைத்தவர்களிடம் வருகிறேன்.

பெப்பர் ஸ்பிரேயில் இருப்பது மிளகாயின் காரச் சாறு. அதை வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. பெரும்பாலான குப்பிகள் ஆறிலிருந்து பத்தடி தூரம் வரைதான் போகும். அதில் நீர்த்தாரையாகப் பீய்ச்சும் வகை உண்டு, புகைபோலப் பரவும் வகையும் உண்டு. மலைக்குப் பீய்ச்சும் வகையே நல்லது. புகை வகை காற்றில் திரும்பி நம் கண்ணுக்கே வரும். பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும், இருட்டிய பிறகு மேலிருந்து இறங்கும். அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. காற்று நமக்கு எதிரே வந்தால் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்துவிட்டு அடிக்க வேண்டும். குளிரில் குப்பியின் அழுத்தம் குறையும் என்பதால் மார்கழி, தையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். காலாவதி தேதி குப்பியிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பழகுவது. பைக்குள் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் அடியில் கிடக்கும் குப்பி எதற்கும் உதவாது. முடிந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து கூடுதலாக ஒன்று வாங்குங்கள். ஊருக்கு வெளியே ஒரு மரத்தில் சாக்கைக் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஆளுக்கொரு முறை அடித்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். மூடியின் பூட்டைக் கட்டைவிரலால் திறப்பதைத் தினமும் பழகுங்கள். இருட்டிலும் பழகுங்கள். அடிக்கும்போது கத்த வேண்டும். அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, ஆள் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். குடித்திருப்பவனை அது நிறுத்தாமலும் போகலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஸ்பிரே வாங்க முடியாதவர்களுக்கு விசில் இருக்கிறது, நல்ல வெளிச்சமுள்ள டார்ச் இருக்கிறது. காட்டுமாடும் யானையும் நடமாடும் பாதையில் டார்ச் இல்லாமல் யாரும் போவதில்லை. அதே டார்ச்சை மனிதன் கண்ணிலும் அடிக்கலாம். தோட்ட வேலைக்குக் கொண்டுபோகும் அரிவாளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள் என்று சொல்வேன். நான்கு பேர் சேர்ந்து வந்தால் அது இரண்டாவது நொடியில் அவர்கள் கைக்குப் போய்விடும். அதோடு, மறுநாள் வழக்கில் குற்றவாளி யார் என்பதையும் அந்த அரிவாளே மாற்றி எழுதிவிடும்.

இவ்வளவும் பயனுள்ள செய்திகள்தான். பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இந்தக் குப்பி எந்த ஆபத்தை நினைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இருட்டு, தனிமை, முகம் தெரியாத ஒருவன். தற்காப்புச் சந்தை விற்கும் எல்லாப் பொருளுக்கும் பின்னால் இருக்கும் கதை இதுதான். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்தச் சந்தை பெரிதாகியது. 2014இல் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். காப்பிப் பழம் பறிக்கும் பெண் எத்தனை வருடக் கூலியைச் சேர்த்து அதை வாங்குவாள்? அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் கராத்தே பழகட்டும், சிலம்பம் பழகட்டும், நல்லதுதான். அந்தப் பயிற்சியில் சாதி என்ற சொல் ஒருமுறையாவது வருகிறதா?

சாதி வெறியன் முகமூடி போட்டுக்கொண்டு வருவதில்லை. அவன் தெரிந்தவன். பட்டப்பகலில் வருவான், கூட்டமாக வருவான். பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு வருவான். இதே பழனி மலையின் வடக்கு அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கரை வெட்டிக் கொன்றது பட்டப்பகலில், ஜனம் நிறைந்த பேருந்து நிலையத்தின் அருகே, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது. உடன் இருந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். எந்த ஸ்பிரே அவர்களைக் காப்பாற்றியிருக்கும்? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது ஓடும் பேருந்தை நிறுத்தி. தனக்கு ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியும். பாதுகாப்பும் கேட்டிருந்தார். அவரிடம் இல்லாமல் போனது ஆயுதம் அல்ல. கேட்ட பாதுகாப்பைக் கொடுக்க மனமுள்ள ஓர் அரசுதான் இல்லாமல் போனது.

இனி காவல் நிலையத்துக்கு வருவோம்.

“எங்க லிமிட் இல்ல” என்பது முதல் பொய். அடுக்கம் சாலையின் அடிவாரம் தேனி மாவட்டம், மேலே திண்டுக்கல் மாவட்டம். மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடுவதுபோல, புகார் கொடுத்தால் இந்த எல்லையில் வந்து அடைபடுகிறது. ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பட்டியல் சாதிப் பெண்ணை அவள் விருப்பமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதும், அப்படிப்பட்ட சொல்லும் சைகையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(டபிள்யூ) பிரிவில் குற்றம். பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, ஸ்பிரே வாங்கச் சொன்னது அக்கறையால் அல்ல. தன் வேலையை முந்நூறு ரூபாய்க்கு ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தற்காப்புக் கருவி பற்றி அரசு பேசுவதாக இருந்தால் பேசட்டும். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 3ஆவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கவும் வேண்டும். கருப்புச் சட்டைக்காரரோ நீலச் சட்டைக்காரரோ மேடையில் முழங்கியதல்ல இது. இந்திய அரசு தன் அரசிதழில் எழுதிவைத்தது. நான் துப்பாக்கி கேட்கவில்லை. இந்த விதியை உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது நடைமுறையில் பார்த்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன்.

ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று நாட்டுத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வழிசெய்கிறது. அதாவது நிலம் உள்ளவனுக்கு. நிலம் இல்லாதவனுக்குக் காப்பதற்குப் பயிர் இல்லை, ஆகவே காப்பதற்கு உயிரும் இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நாம் திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். மறுநாள் நாளிதழில் ‘இருதரப்பு மோதல்’ என்று வரும். அவர்கள் கொடுத்த எதிர்ப் புகார் நம் புகாருக்கு முன்பே பதிவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து ‘சமாதானம்’ பேசுவார்கள். ஆனால் தற்காப்பு உரிமை சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, அரசின் பாதுகாப்பைப் பெற நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை என்பவை அதன் வரம்புகள். மலைப்பாதையின் நடுவில், சிக்னல் இல்லாத வளைவில் நிற்கும் பெண்ணுக்கு எந்த அரசின் பாதுகாப்பைப் பெற நேரமிருக்கிறது? வழக்கறிஞர் தோழர்கள் இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. பிளெக்ஸ் பேனரில் அரிவாளோடு நிற்பதும், கத்தியால் கேக் வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவதும் தற்காப்பு அல்ல. அவை காவல் துறைக்கு நாமே கொடுக்கும் ஆதாரங்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் தண்ணீர் குடித்தவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். திருப்பி அடிக்க ஆள் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் முன்னாள் ராணுவ வீரர்களே இருந்தார்கள். அம்பேத்கர் அவர்களைக் கட்டுப்படுத்தினார், தாக்கியவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார். அதே அம்பேத்கரின் இயக்கத்தில்தான் சமதா சைனிக் தளம் கம்போடு அணிவகுத்து நின்றது. இரண்டுக்கும் முரண்பாடில்லை. பலத்தைத் திரட்டவும் வேண்டும், அதை எப்போது காட்டுவது என்று முடிவெடுக்கும் ஒழுங்கும் வேண்டும். 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் பொதுச்சாலையில் போனதை நாம் தனி வீரனின் கதையாகச் சொல்கிறோம். அவரோடு பயிற்சி பெற்ற இளைஞர் கூட்டம் நின்றதை மறந்துவிடுகிறோம்.

வெளியே பார்த்தாலும் இதுதான். 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் கறுஞ்சிறுத்தைகள் கட்சி தற்காப்பு என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துத் தொடங்கப்பட்டது. சட்டம் அனுமதித்த துப்பாக்கியோடு போலீசைக் கண்காணித்தார்கள். மறு ஆண்டே கலிபோர்னியா அரசு சட்டத்தை மாற்றியது. ஒடுக்கப்பட்டவன் கையில் இருந்தால்தான் ஆயுதம் எல்லா நாட்டிலும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிறது.

ஆகவே எங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து நாங்கள் முடிவுசெய்தது இது. குப்பியைத் தூக்கிப் போடவில்லை, அவள் பழகுகிறாள். ஆனால் தனியாகப் பழகவில்லை. அந்த வழியாகப் போகும் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து பழகுகிறார்கள், சேர்ந்தே போகிறார்கள். எல்லோர் கழுத்திலும் விசில் உண்டு. விசில் கேட்டால் தோட்டத்தில் இருக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும் என்று பேசியிருக்கிறோம். கூலி போய்விடுமே என்று பயந்தவர்கள் இருந்தார்கள். “இன்னைக்கு அவ பிள்ளை, நாளைக்கு நம்ம பிள்ளை” என்று சொன்னது அக்கா அல்ல, அக்காவோடு அதுவரை பேசாமலிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். தேதி, நேரம், வண்டி எண், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர். நிலையத்தில் வாங்க மறுத்த புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அதற்கும் அதே 173ஆவது பிரிவில் வழியிருக்கிறது. அவரும் அசையவில்லை என்றால் அடுத்தது நீதிமன்றம். பைக்கில் வந்தவர்கள் இன்னும் வருகிறார்கள். தோட்டத்துக்காரர் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அதையும் நோட்டில் எழுதிவிட்டோம்.

காவல் துறைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எங்கள் பிள்ளை ஸ்பிரே அடிக்கப் பழகிவிட்டாள். நீங்கள் எஃப்.ஐ.ஆர். எழுத எப்போது பழகுவீர்கள்?