குரலைக் குறுக்காதீர்

சென்ற திங்கள் மருதமுனையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். அவருடைய உம்மம்மா திண்ணையில் அமர்ந்து கவி பாடிய காட்சியை முன்னொரு நாள் படம்பிடித்திருந்தார். அதனை வெட்டித் தொகுத்து, சுருக்கி, கட்டாரிலுள்ள மாமாவுக்கு அனுப்பினார். கைப்பேசியில் இடம் போதாமையால் மூலப் பதிவை அழித்தும் விட்டார். இன்று அம்மூதாட்டியார் இல்லை. எஞ்சியிருப்பது சுருக்கிய பிரதி ஒன்றே.

“படம் தெளிவு, சேர். குரல்தான் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு” என்றார்.

கேட்டுப் பார்த்தேன். சகரமும் ஸகரமும் ஒன்றோடொன்று கலங்கின. அடியின் ஈற்றில் அவர் நீட்டிய இராகம் உடைந்து நடுங்கிற்று.

இதற்குக் காரணம் யாது? ஒலியைச் சுருக்கும் மென்பொருள், நம் செவி கவனியாதெனத் தான் கணிக்கும் ஒலிகளை நீக்கிவிடுகிறது. உரத்த ஒலியின் நிழலில் மெல்லொலி மறையும் என்பது அதன் கணக்கு. வாத்தியங்கள் பல முழங்குமிடத்து நீக்கியது தெரிவதில்லை. தனிக்குரலுக்கோ மறைவிடம் கிடையாது. எம்பி3 முறையை ஜெர்மனியில் உருவாக்கியோருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய பாடலொன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் அக்குரல் சிதைந்தே ஒலித்தது. அது செம்மையுறும்வரை பன்முறை உழைத்தார். நம் பெண்களின் கவியும் அத்தகைய தனிக்குரலேயன்றோ?

இனி, சிக்கனம் எங்கே செய்வது என்று காண்போம். விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் வைத்த ஒரு நிமிடப் படம் ஏறத்தாழ 60 மெகாபைட் இடம் கொள்ளும். விநாடிக்கு 192 கிலோபிட் வீதம் வைத்த அதன் ஒலியோ ஒன்றரை மெகாபைட்டுக்கும் குறைவு. அதனை 64 ஆக்குவதால் மிஞ்சுவது ஒரு மெகாபைட் அளவே. நெல் மூட்டையைச் சிந்தவிட்டு உப்பில் சிக்கனம் பிடிப்பதா? குறைக்க வேண்டுமாயின் படத்தைக் குறையுங்கள், குரலைத் தொடாதீர்கள்.

தொகுத்த படத்தை எக்ஸ்போர்ட் செய்கையில் ஒலிக்கு ஏஏசி முறையையும், 192 அல்லது 256 கிலோபிட் வீதத்தையும் தெரிவு செய்க. மாதிரி வீதம் மூலத்தில் 48,000 ஆயின் அதனையே வைத்திருக்க. ஒலியை உரப்பாக்க விரும்பி உச்சவரம்பை மீறவிட்டால் அது கிழிந்து கேட்கும். சிறிது இடைவெளி விடுக. தொகுப்பு வேலை முற்றும்வரை சுருக்காதிருந்து, இறுதியில் ஒருமுறை மட்டும் சுருக்குக. மருதமுனைத் தறியில் நெய்த துணியில் ஓரிழை உருவினால் தெரியாது. உருவியதையே மீண்டும் மீண்டும் உருவினால் சல்லடையாகும். செய்திச் செயலிகளில் அனுப்பும்போது காணொளியாக அனுப்பாது, ‘ஆவணம்’ என்னும் வழியால் அனுப்பினால் கோப்பு மாறாமற் சென்றடையும். பதியும்போது மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வரும் சாளரத்தைச் சாத்துதல் நன்று. அனைத்திலும் தலையாயது, மூலப் பதிவை ஈரிடங்களில் வைத்துக் காத்தல்.

இப்பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், பழந்தமிழர் யாழின் சுருதிகளை நூற்சான்றுகளாலும் கணக்காலும் ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அவ்யாழின் ஒலி எவரிடத்தும் எஞ்சாமையாலன்றோ அத்துணை உழைப்பு வேண்டியதாயிற்று! நமக்கோ பதியும் கருவி சட்டைப்பையிலேயே இருக்கின்றது.

நீங்கிய ஒலியை எக்கருவியாலும் முன்போல் மீட்டல் இயலாது. அதனை அம்மாணவரிடம் கூற எனக்கு நா எழவில்லை, ஆயினும் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், உம்மம்மாவின் தங்கை சாய்ந்தமருதில் இருக்கிறார் என்றும், சில கவிகள் அவருக்கும் பாடம் என்றும் சொன்னார். “இன்றே போங்கள், தம்பி” என்றேன். வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் சென்று பதிந்து வந்திருக்கிறார். இம்முறை மூலத்தை அழிக்கவில்லை.