எக்ஸ்ரேயில் நோயைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியைப் பார்த்த ஏஐ! எங்கே தவறு?

நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஏஐ எதைப் பார்க்கும்? நுரையீரலைத்தானே? எப்போதும் அப்படி இல்லை.

2018-ல் 'பிளோஸ் மெடிசின்' இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வெளியானது. 3 மருத்துவ அமைப்புகளின் சுமார் 1.58 லட்சம் நெஞ்சு எக்ஸ்ரேக்களை வைத்து நியூரல் நெட்வொர்க்கைச் சோதித்தார்கள். பயிற்சி கொடுத்த இடத்தில் நல்ல மார்க். வேறு ஆஸ்பத்திரி படங்களைக் கொடுத்ததும், 5 ஒப்பீடுகளில் 3-ல் சறுக்கல்.

ஏன்?

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் படங்களில் சுமார் 34% நிமோனியா. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனப் படங்களில் 1% அளவுதான். எக்ஸ்ரே மூலையில் பதியும் உலோகக் குறி போன்ற துப்புகளை வைத்தே, படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதை நெட்வொர்க் 99.9%-க்கும் மேல் சரியாகச் சொன்னது. இரண்டு இடத்துப் படங்களையும் கலந்து பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? நுரையீரலை அலசுவதைவிட, 'இது எந்த ஆஸ்பத்திரி?' என்று பார்த்து விடை சொல்வது அதற்கு ஈஸி.

இதுதான் 'ஷார்ட்கட் லேர்னிங்'. ஏஐ ஏமாற்றவில்லை, சரியான விடைக்கு மார்க் கொடுத்தோம், வழியைச் சரிபார்க்கவில்லை.

தீர்வு? பயிற்சியில் பார்க்காத ஆஸ்பத்திரி படங்களை வைத்துச் சோதிக்கணும். 'எங்கள் ஏஐ 95% துல்லியம்' என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த ஆஸ்பத்திரியில சோதிச்சீங்க?"