கடலடிக் களிமண்ணைக் கேட்டுவிட்டு வாயு எடுங்கள்!

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ஆம் ஆண்டு முதல் திரவ எரிவாயு இறங்கி வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரவைத்த வாயு அது. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து, குழாய் வழியே மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

"வங்கக் கடலின் அடியிலேயே வாயு குவிந்து கிடக்கிறதே! அதை விட்டுவிட்டு அந்நியரிடம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், வாயுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது குடியிருக்கும் களிமண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

எரியும் பனிக்கட்டி

ஆழ்கடலின் அடியில் குளிரும் அழுத்தமும் அதிகம். அங்கே மீதேன் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்து விடுகின்றன. தீக்குச்சியைக் காட்டினால் அந்தக் கட்டி எரியும்! 'வாயு ஹைட்ரேட்' என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். ஒரு கன மீட்டர் கட்டி உருகினால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிப்படும்.

2006 ஏப்ரல் 28-ந் தேதி பம்பாயில் புறப்பட்ட ஓர் ஆராய்ச்சிக் கப்பல், 21 இடங்களில் கடலடியைத் துளைத்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்டு 19-ந் தேதி சென்னையில் பயணத்தை முடித்தது. கிருஷ்ணா-கோதாவரிக் கடற்பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில், ஏறக்குறைய 130 மீட்டர் கனத்துக்கு இந்தக் கட்டி களிமண்ணில் கலந்து கிடப்பதை அது கண்டது.

களிமண்ணின் குணம்

மணலாக இருந்தால் பரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பனிக்கட்டி அடங்கிவிடும். களிமண்ணில் அத்தகைய இடமில்லை. ஆகவே அது மண்ணைப் பிளந்துகொண்டு, நரம்பு நரம்பாகவும் முண்டு முண்டாகவும் உறைகிறது.

சாதாரணமாக, மேலே சேறு சேரச் சேர, அடியில் உள்ள களிமண் நீரை இழந்து இறுகும். பனிக்கட்டி உள்ள இடத்திலோ நீர் சிறைப்பட்டு விடுகிறது. மண் சரிவர இறுகுவதில்லை. தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கெட்டித்தனம் மண்ணுடையதல்ல, பனிக்கட்டியுடையது!

காசிமேட்டு மீன்பெட்டியைப் பாருங்கள். ஐஸ் இருக்கும்வரை மீன் அசையாது. ஐஸ் கரைந்தால் சரியும். கடலடியிலும் அதே கதைதான். கட்டி உருகினால் வாயுவும் நன்னீரும் பிறக்கும். நெருக்கமான களிமண் வழியே அவை சுலபத்தில் வெளியேற முடியாது. உள்ளே அழுத்தம் ஏறும். மண் தன் பிடிப்பை இழக்கும். சரிவான இடமானால் சேறு வழுக்கிக்கொண்டு ஓடும். தக்காணத்துக் கரிசல் மண்ணைக் கோதாவரி கொண்டுபோய்க் கொட்டும் கடல் அது. நீர் பட்டால் ஊதும் அந்த மண்ணின் குணத்தை அறியாத உழவன் உண்டா?

கடலடிச் சேறு சரிந்தால் கரைக்கு என்ன நேரும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1998-இல் பாபுவா நியூகினியில் அப்படி எழுந்த அலை 2,000 பேருக்கு மேல் பலி கொண்டது. அங்கே சேற்றைச் சரித்தது பூகம்பம், வாயு அல்ல. ஆனாலும் அந்தப் பாடம் பாடம்தான்.

அவசரம் வேண்டாம்

2013-இல் ஜப்பான் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்தது. ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து வேலை நின்றது. 2017-இல் சீனா களிமண் கலந்த வண்டலிலிருந்தே 60 நாள் தொடர்ந்து எடுத்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 60 நாள் சோதனை வேறு. ஆண்டுக்கணக்கில் உறிஞ்சுவது வேறு.

பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 'சாகர் நிதி' என்ற ஆராய்ச்சிக் கப்பலும் அதன் வசம் இருக்கிறது. கிணறு தோண்டுமுன் ஒவ்வோர் இடத்தின் களிமண்ணையும் அழுத்தம் குறையாமல் எடுத்துச் சோதிக்க வேண்டும். சரிவுகளில் கருவிகளை வைத்துக் கண்காணிக்க வேண்டும். முடிவுகளைத் தமிழிலும் தெலுங்கிலும் மீனவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சேறு சரிந்தால் எந்த வாளி உதவும்?

வாயு எங்கும் ஓடிவிடாது. முதலில் களிமண்ணுக்குப் பரீட்சை வையுங்கள். பிறகு கிணறு தோண்டலாம்.