சோதனை விமானி எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

துபாய் விமானக் கண்காட்சியில் 2025 நவம்பர் 21 அன்று இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் விழுந்து நொறுங்கியது. சூலூர் படைத்தளத்திலிருந்து சென்ற விமானி உயிரிழந்தார். விசாரணை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆனால், மூன்றே நாளில் அந்த விமானத்தைத் தயாரித்த எச்ஏஎல் பங்குச் சந்தைக்கு விளக்கம் அனுப்பிவிட்டது: இது அசாதாரணமான சூழலில் நடந்த தனித்த நிகழ்வு, வணிகத்துக்கோ வருங்கால விநியோகத்துக்கோ பாதிப்பு இல்லை. முதலீட்டாளர்களின் பதற்றத்தைத் தணிக்க வேண்டிய அவசரம் புரிகிறது. ஆனால், காரணம் தெரியாமல் ஒரு விபத்தைத் ‘தனித்த நிகழ்வு’ என்று எப்படிச் சொல்ல முடியும்? காரணம் தெரியும் என்றால், பங்குச் சந்தைக்கு முன்பாக நாட்டுக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு விமானத்தின் குறைகளை முதலில் கண்டு எழுத வேண்டியவர் சோதனை விமானி. விமானிகளில் தேர்ந்தெடுத்த சிலரையே பெங்களூரில் உள்ள விமானப் படையின் சோதனை விமானிகள் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. அங்கே கற்றுத்தரப்படுவது துணிச்சல் அல்ல. துணிச்சல் ஏற்கெனவே இருப்பவர்கள்தாம் அங்கே போகிறார்கள். கற்றுத்தரப்படுவது, கவனித்ததைப் பிழையில்லாமல் எழுதும் கலை. முழங்காலில் கட்டிய அட்டையில் அன்றைய வேகம், உயரம், திருப்பம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் செய்து முடித்தபின், விமானம் கைக்கு எப்படி அடங்கியது என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். உலகெங்கும் புழங்கும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் அது. 1 என்றால் அருமை, 10 என்றால் கட்டுக்கு அடங்காது. அந்த எண்ணை இடுவதுதான் சோதனை விமானியின் உண்மையான வேலை. வானத்தில் குட்டிக்கரணம் போடுவது அல்ல.

அந்த எண்ணை மதிக்கும் நாடும் மறைக்கும் நாடும் எப்படி வேறுபடும் என்பதற்கு ஸ்வீடனின் கிரிப்பன் விமானத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1989 பிப்ரவரி 2 அன்று லின்ஷோப்பிங்கில், தன் ஆறாவது பறப்பிலேயே, முதல் கிரிப்பன் தரையிறங்கும்போது தடுமாறிக் கவிழ்ந்து உருண்டது. தொலைக்காட்சிக் கேமராவுக்கு எதிரிலேயே இது நடந்தது. ஓட்டிய லார்ஸ் ரோடெஸ்ட்ரோம் முழங்கை முறிவோடு பிழைத்தார். குற்றவாளி, கட்டுப்பாட்டு மென்பொருள். விமானி ஸ்டிக்கை அசைக்க, கணினி சற்றுத் தாமதமாகப் பதில் தர, அதைச் சரிசெய்ய அவர் மறுபடி அசைக்க, ஊஞ்சல்போல் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. மென்பொருளைத் திருத்தினார்கள். 1993 ஆகஸ்ட் 8 அன்று, ஸ்டாக்ஹோம் நீர்த் திருவிழாவில் பெருங்கூட்டத்துக்கு மேலே, இன்னொரு கிரிப்பன் அதே வகை ஆட்டத்தில் கையை விட்டுப் போனது. ஓட்டியவர் அதே ரோடெஸ்ட்ரோம்! இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். விமானம், மக்கள் நிரம்பி வழிந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் விழுந்தது. தரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விசாரணையில் வந்த உண்மைதான் முக்கியம்: ஸ்டிக்கை வேகமாக, எல்லைவரை ஆட்டினால் இப்படி நேரலாம் என்பது தயாரிப்பாளருக்கும் வாங்கியவருக்கும் முன்பே தெரியும், நடக்க வாய்ப்பில்லை என்று கருதி விமானிகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் இதைப் பூசி மெழுகவில்லை. ஊரறிய அச்சிட்டது. அந்த கிரிப்பனைத்தான் பின்னர் ஹங்கேரியும் தாய்லாந்தும் பிரேசிலும் வாங்கின.

நம் ஊரில் இப்படி விபத்து அறிக்கையை வெளியிடச் சொன்னால் உடனே ‘ராணுவ ரகசியம்’ என்பார்கள். சோம்பலுக்கு இட்ட பெயர் அது. தன் பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை அமெரிக்க விமானப் படையே வெளியிடுகிறது. நம்மிடம் அதைவிடப் பெரிய ரகசியம் என்ன இருக்கிறது? தேஜஸின் பாதுகாப்புச் சாதனையை நினைவூட்டுவோர் சொல்வதில் நியாயம் உண்டு. 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதன்முதலில் அதை மேலே எழுப்பியதிலிருந்து 2024 மார்ச்சில் ஜெய்சல்மேரில் விழும்வரை, ஒரு தேஜஸ்கூட விபத்தில் அழியவில்லை. ஆனால், அது சோதனை விமானிகள் ஈட்டித் தந்த பெயர். அதை வைத்து நிறுவனம் தன் வாயை மூடிக்கொள்ள உரிமை கிடையாது. ஜெய்சல்மேர் விபத்தின் முழு அறிக்கை இன்னும் பொதுவெளிக்கு வரவில்லை.

‘தேஜஸ் சோதனை விமானிகளே விமானப் படைத் தளபதியாகிவிட்டார்களே, அவர்கள் குரலுக்கு என்ன குறை?’ என்றும் கேட்கிறார்கள். முன்னாள் தளபதி பதவுரியாவும் இன்றைய தளபதி ஏ.பி.சிங்கும் தேஜஸ் சோதனையிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால், 2025 பிப்ரவரியில் பெங்களூர் கண்காட்சியில், பதினொரு தேஜஸ் மார்க்-1ஏ தயாராக இருக்கும் என்று சொன்னீர்கள், ஒன்றும் இல்லை, எச்ஏஎல் மீது எனக்கு நம்பிக்கை இல்லை என்று சிங் பேசியது நமக்கு எப்படித் தெரிந்தது? கேமரா ஓடிக்கொண்டிருந்ததால். தளபதியின் மனக்குறையே தற்செயலாகத்தான் வெளியே வருகிறது என்றால், ஸ்குவாட்ரன் லீடர் எழுதிய 7-ஐயும் 8-ஐயும் யார் பார்க்கப் போகிறார்கள்? இது இன்று தொடங்கியதல்ல. எச்ஏஎல் தயாரித்த மாருத் போர் விமானத்தை 1961-இல் முதன்முதலில் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரியில் அதன் மேம்பட்ட வடிவத்தைச் சோதிக்கையில் உயிரை விட்டார். போதிய விசையுள்ள எஞ்சின் அந்த விமானத்துக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தாஸுக்குக் கிடைத்தது பெங்களூரில் ஒரு சாலைப் பெயர்.

துபாய் விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 25 அன்று, மேலும் 97 தேஜஸுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் மக்களுடையது. துபாய், ஜெய்சல்மேர் விபத்து அறிக்கைகளை நாடாளுமன்றத்தில் வைக்கும்வரை பாதுகாப்பு அமைச்சகம் அந்த ஒப்பந்தத்தில் அடுத்த தவணையை நிறுத்தி வைக்கட்டும்.