முட்டிக்குக் கரண்ட் வேண்டாம், பயிற்சி வேண்டும்



கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். முப்பது வயதுப் பெண் முட்டி வலி என்றாலும் நம் ஊரில் ஒரே தீர்ப்பு: "தேய்மானம்." பிறகு தைலம், முட்டி உறை, பத்து நாள் கரண்ட். கூடவே, "மாடி ஏறாதே, கீழே உட்காராதே" என்று உபதேசம். பணமும் போகிறது, காலும் மெலிகிறது.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல. படி இறங்கும்போது, குத்துக்காலிட்டு உட்காரும்போது, மதுராந்தகத்திலிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து எழும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறதா? இளம் வயதில் இது பெரும்பாலும் சில்லின் மேல் விழும் சுமையின் தொல்லை. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் பலமாக இருந்தால் அந்தச் சுமையைத் தாங்கும்.

நம் ஏரிக்கரை பலவீனமானால் கரையைப் பலப்படுத்துவோமா, ஏரிக்குத் தண்ணீரே வேண்டாம் என்போமா? முட்டிக்கு மட்டும் ஏன் ஓய்வையே மருந்தாகச் சொல்கிறோம்?

2018-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை தெளிவானது: இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். அல்ட்ராசவுண்ட் போன்ற கருவிச் சிகிச்சையை அவர்கள் பரிந்துரைக்கவில்லை.

"வலிக்கும்போது எப்படி சார் பயிற்சி?" என்பீர்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து காலை நேராகத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. செலவில்லை. ஆனால் நாலு நாளில் பலன் தெரியாது. வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, விழுந்து அடிபட்டாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பிசியோதெரபி என்பது மசாஜ் அல்ல. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதை முறையான சுகாதாரப் பராமரிப்புத் தொழிலாக ஏற்றிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. நடக்க முடிந்தவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். எங்கே போனாலும் கருவியை மட்டும் வைத்து அனுப்பினால் எழுந்து வராதீர்கள். "எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள், செய்து காட்டுகிறேன், சரி பாருங்கள்" என்று கேளுங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்கச் சொல்லித்தானே உங்களை வளர்த்தேன்? அங்கேயும் கேளுங்கள்.